அந்தமான் வீட்டு முற்றத்திற்கு ஒரு மணச்செடி

மலர்மணம் இல்லாத வீடு நம்மவர்க்கு வீடாகத் தோன்றுவதில்லை. அந்தமானுக்குப் பணிமாற்றம் பெற்று வருவோர் மல்லிகைப் பதியனையும் மூட்டையோடு கொண்டுவர எண்ணுவது இதனாலேயாம். ஆனால், மே திங்கள் தொடங்கி ஆண்டிறுதிவரை, ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் மண் இது. நீர் தேங்கும் பாத்தியில் மல்லிகை வேரழுகும். மலைநாட்டு அசேலியாவை விரும்புவோர்க்கும் ஏமாற்றந்தான். நீலகிரிக் காட்டுப்பூவரசின் சுற்றமாகிய அது குளிரை நாடுவது. கடலோர வெப்பத்தில் தழைப்பதன்று.

இத்தீவுகளின் காட்டிலேயே இயல்பாய் வளரும் மணச்செடி இருக்க, வேறெங்கும் தேடுவானேன்? வங்காளிக் குடும்பத்தார் அதனைக் காமினி என்பர். மரவணிகர் அந்தமான் ஸாட்டின் மரம் என்பர். நம் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் அது உறவு. நல்ல மழை பெய்து ஓய்ந்தபின், ஐயிதழ் வெண்பூக்கள் கொத்துக்கொத்தாக மலரும். இரவில் மணம் மிகுந்து தெருவரை பரவும். கூந்தலுக்கு மட்டும் ஆகாது. தொடுக்குமுன்னரே இதழ் உதிர்ந்துவிடும். சரத்துக்குப் பூ வேண்டுவோர், மல்லிகையைத் தொட்டியில் வைத்து, அடைமழையின்போது தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொள்வதே வழி.

காமினியின் சிவந்த கனியிலிருந்து எடுத்த விதையை ஈரம் உலருமுன் ஊன்றுதல் வேண்டும். அண்டை வீட்டாரிடம் கனி கேட்டுப் பெறலாம். காப்புக் காட்டில் கன்று பெயர்த்தல் குற்றம். மண்ணை மேடாக்கி, இலைமக்குக் கலந்து நடுக. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை அருகும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலும் தண்ணீர் தட்டுப்படும் காலம் அது. அரிசி களைந்த நீரும், அடியிற் பரப்பிய தென்னஞ்சருகும் செடியைக் காக்கும். இளங்கன்றுக்குப் பெரும்பகை ஆப்பிரிக்க நத்தை. ஜப்பானியர் இத்தீவுகளைக் கைப்பற்றியிருந்த காலத்தில் (1942–45) வந்து சேர்ந்த இப்பிராணியை, இரவில் விளக்கோடு சென்று, கையுறை அணிந்து பொறுக்கி எடுத்தல் வேண்டும்.

எலுமிச்சை வளர்ப்போர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. சில்லிட் என்னும் சிறு பூச்சி காமினித் தளிரிலும் முட்டையிடும். எலுமிச்சை இனத்தில் இலை மஞ்சளித்து, காய் கோணிச் சிறுத்து, மரமே பட்டுப்போகும் நோயைப் பரப்புவது இப்பூச்சியே, அந்நோய்க்கு மருந்தில்லை. அழகுக்காகக் காமினியை அடிக்கடி கத்தரித்தாலோ தளிர் பெருகும், பூச்சியும் பெருகும். ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுதல் நலம். எலுமிச்சையை விட மனமில்லாதோர், மனை அகன்றதாயின், இத்தீவுகளின் கடற்கரைக்கே உரிய புன்னையை நடலாம். அதுவும் மணம் உடையது, ஆனால் பெருமரமாக ஓங்குவதால் சுவரைவிட்டுத் தள்ளி நடுதல் வேண்டும்.