பழைய மனையைப் புதுக்குமுன்

புதிய மனை எடுப்பதினும் பழைய மனையைப் புதுக்குதல் கடினமென்பதை அதில் கைவைத்தவர் யாவரும் ஒப்புவர். புதிய மனைக்கு வேண்டுவது வெற்றிடம். பழைய மனையிலோ ஒரு புறம் உலை கொதிக்க, மறுபுறம் கடப்பாரை விழும். ஆதலின் கொத்தனாரை அழைப்பதற்கு முன்னரே சிந்தித்து முடிக்க வேண்டுவன பல உள. அவற்றுள் முதன்மையானவற்றை, எம் பக்கத்து வீடுகளைக் கொண்டே ஈண்டு விளக்க முயல்வேன்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே குஜிலியம்பாறையைச் சூழ்ந்த சிற்றூர்களில் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் பல நிற்கின்றன. கல்லும் மண்ணும் சேர்த்து எழுப்பிய தடித்த சுவர். அதன்மேல் விட்டமும் பனங்கைகளும். அவற்றின்மேல் நாட்டு ஓடு அல்லது மங்களூர் ஓடு. (பாசல் மிஷனார் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையே இவ்வோட்டுக்கு அப்பெயரைத் தந்தது.) இத்தகைய வீட்டை உடையவர் இன்று விரும்புவது பெரும்பாலும் ஒன்றே: ஓட்டைக் கழற்றிவிட்டுக் கான்கிரீட் தளம் இடுதல். விருப்பம் குற்றமன்று. ஆனால் அச்சுவர் அதனைத் தாங்குமா என்று கேட்பவர் சிலரே.

கணக்கிட்டுப் பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறைக்கு நான்கு அங்குலக் கனத்தில் தளமிட்டால் அதன் எடை ஏறத்தாழ 2,800 கிலோ ஆகும். அதே அறையின் ஓடும் சட்டமும் சேர்ந்து அதில் நாலில் ஒரு பங்கே இருக்கும். மண் சாந்தில் நின்று ஓட்டைச் சுமந்து பழகிய சுவர்மீது நான்மடங்கு பாரத்தை ஏற்றுவது, வண்டிமாட்டின் முதுகில் வண்டியையே ஏற்றுவது போலாம். எனவே முதல் வேலை, சுவர் இன்னதென்று அறிதல். பூச்சைச் சிறிது பெயர்த்து, கல்லிடுக்கை ஓர் ஆணியாற் சுரண்டுக. வெண்மையாய்க் கெட்டியாக இருப்பின் சுண்ணாம்புச் சாந்து. செம்மண் உதிருமாயின் மண் சாந்து. பின்னர் ஒரு மூலையில் அடிப்படை எவ்வளவு ஆழம் சென்றுள்ளதென்று தோண்டிப் பார்க்க வேண்டும். மண் சாந்தாயின், தளத்துக்குத் தனித் தூண்கள் எழுப்புக. அல்லது ஓட்டையே செப்பனிட்டு மகிழ்க. இரண்டில் எதுவென்பதைப் பொறியாளர் ஒருவர் நேரிற் கண்டு சொல்லுதல் நலம். அவர்க்குக் கொடுக்கும் கூலி வீண்செலவன்று.

சிமெண்டைப் பற்றியும் ஒரு சொல். அருகே கரிக்காலியில் சிமெண்ட் ஆலையே இருத்தலின், எம் பக்கத்தார்க்கு அது எல்லா நோய்க்கும் மருந்தாகத் தோன்றுகிறது. மண் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே மெல்ல வெளியேறும். அதன்மேல் சிமெண்ட் பூச்சை இட்டால் ஈரம் உள்ளேயே தங்கி மண்ணை இளக்கும். சில ஆண்டுகளில் பூச்சைக் கோலால் தட்டினால் வெற்றுப் பானையின் ஒலி கேட்கும். பிறகு பாளம் பாளமாகப் பெயரும். மண் சுவருக்குச் சுண்ணாம்பே உறவு.

அடுத்தது காலம். ஓட்டைக் கழற்றினால் வீடு வானத்துக்குத் திறந்து கிடக்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் காற்று இச்சமவெளியில் ஓட்டையே தூக்கும். ஐப்பசி கார்த்திகையிலோ மழை. சித்திரையில் தொடங்கலாமெனின் கிணறு வற்றியிருக்கும். தளமிட்டபின் குறைந்தது ஏழு நாளேனும், கலப்புச் சிமெண்டாயின் பத்து நாளேனும், அது ஈரம் காயாமல் இருக்க வேண்டும். மேற்கூறிய சிறு அறையின்மீது இரண்டங்குல நீர் தேக்குவதற்கே ஏறக்குறைய 560 லிட்டர் வேண்டும். வெயிலில் வற்றுவதை நாடோறும் ஈடுசெய்வது வேறு. ஆகவே தையும் மாசியுமே எமக்கு ஏற்ற காலம்.

இதனை எம் சிறிய தந்தையார் வீட்டிற் கண்டறிந்தேன். மகளின் திருமணம் தையில் என்று நிச்சயமாகவே, அதற்குள் முடித்துவிடும் ஆவலால் ஆவணியில் ஓட்டை இறக்கினார். கொத்தனார் இடையில் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். ஐப்பசியில் ஓரிரவு பெய்த மழையில் மேலைச் சுவர் கரைந்து சரிந்தது. யாவரும் மாட்டுக் கொட்டகையிற் படுத்திருந்தமையால் உயிர் தப்பினர். திருமணம் உறவினர் வீட்டு முற்றத்தில் நடந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, மதிப்பீட்டை எழுத்தில் வாங்குதலும், வேலை முடிந்த அளவுக்கே தவணை கொடுத்தலும் யாவரும் அறிந்தவை. பழைய வீட்டில் கறையான் தின்ற விட்டம் திறந்தபின்னரே தெரியுமாதலால், ஐந்தில் ஒரு பங்கேனும் கையிருப்பாக ஒதுக்கி வைக்க வேண்டுமென்பது என் கருத்து. கடன் வாங்கித்தான் அப்பங்கை நிரப்ப வேண்டுமெனில், ஓர் அறையை இவ்வாண்டு விட்டுவிடலாம். தளமோ தூணோ மாற்றுவதாயின், 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி அனுமதி வேண்டுமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முன்னரே கேட்டுக்கொள்க. வேலையின் முறை மேலிருந்து கீழ்: முதலிற் கூரை, பின் சுவருக்குள் மின்கம்பியும் நீர்க்குழாயும், அதன்மேற் பூச்சு, இறுதியில் தரை. குழாயை மறந்து பூசிவிட்டு மீண்டும் உடைப்பவர் பலர்.

கழற்றிய மரத்தையும் கதவையும் விறகு விலைக்கு விற்றுவிடலாகாது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வணிகர் வீடொன்று முறையாகப் பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளது. அத்துணைப் பெரிய வீடே இடம்பெயர்ந்து நிற்குமாயின், எம் வீட்டு நிலைக்கதவு அடுத்த அறைக்குப் பெயராதோ?

சிறிய தந்தையார் மறு ஆண்டுத் தையில் மீண்டும் தொடங்கினார். இம்முறை முதலில் கொத்தனாரை அழைக்கவில்லை, சிற்றன்னையாரை அழைத்து, “வேலை முடியும்வரை நீ எங்கே உலை வைப்பாய்?” என்று கேட்டார்.