ஐந்நூறில் நூற்றியெண்பது போனால்: பிள்ளையின் கணக்குக் கொப்பியை எப்படி வாசிப்பது?

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சந்தை. மரக்கறி விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் முக்கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். கிலோ 240 ரூபா. ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினேன். அவர் எதிலும் எழுதிப் பார்க்கவில்லை. கைபேசியையும் எடுக்கவில்லை. "நூற்றியெண்பது... இருபது, இருநூறு... இந்தாங்கோ முந்நூறு, ஐந்நூறு" என்று சொல்லியபடியே 320 ரூபாவை என் கையில் வைத்தார்.

பக்கத்தில் சாக்கின் மேல் அவருடைய மகன் கொப்பியோடு இருந்தான். மூன்றாம் தரம். கொப்பியில் சிவப்புப் புள்ளடிகள். "இப்ப அம்மா செய்த கணக்கை எழுதிக் காட்டுங்கோ பாப்பம்" என்றேன். 500 என்று எழுதி, அதன் கீழே 180 என்று எழுதி, கோடு போட்டு, விடை 480 என்றான்.

தாய் சிரிக்கவில்லை. "எனக்குக் கணக்கு வராது அண்ணை. அதுதான் இவனுக்கும் வருதில்லை. நான் 2008 இல ஏழாம் ஆண்டோட விட்டனான். பிறகு எங்கட பள்ளிக்கூடம்?" என்றார்.

ஒரு நிமிடத்துக்கு முன் முக்கால் கிலோவின் விலையையும் மிச்சக்காசையும் மனத்தால் கணித்துத் தந்தவர் சொன்னது இது. அவரைப் போல நினைக்கும் பெற்றோர் எம்மிடையே ஏராளம். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

480 எங்கிருந்து வந்தது?

சிறுவன் வாய்க்கு வந்ததை எழுதவில்லை. அவன் செய்ததைப் பாருங்கள். ஒன்றுகளின் இடத்தில் பூச்சியத்தில் பூச்சியம் போனால் பூச்சியம். பத்துகளின் இடத்தில் மேலே பூச்சியம், கீழே எட்டு. பூச்சியத்திலிருந்து எட்டைக் கழிக்க முடியாது. ஆகவே திருப்பி, எட்டிலிருந்து பூச்சியத்தைக் கழித்து எட்டு என்று எழுதினான். நூறுகளில் ஐந்திலிருந்து ஒன்று போனால் நான்கு. விடை 480.

"பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும்" என்று முதலாம், இரண்டாம் தரங்களில் சொல்லிக் கொடுத்ததை அவன் அப்படியே கடைப்பிடித்திருக்கிறான். அங்கே அந்த விதி சரியாக இருந்தது. இங்கே அது பிழைக்கிறது.

கழித்தலில் பிள்ளைகள் விடும் பிழைகளை அமெரிக்க ஆய்வாளர்களான பிரவுணும் பேர்ட்டனும் 1978 இல் தொகுத்து ஆராய்ந்தார்கள். பல பிழைகள் கவனக்குறைவால் வருவதில்லை, பிள்ளை தன் மனத்தில் வைத்திருக்கும் ஒரு பிழையான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன என்பதே அவர்கள் காட்டியது. அத்தகைய பிள்ளைக்கு அதே மாதிரியான இருபது கணக்குகளை மேலும் கொடுத்தால், பிழையான விதியைத்தான் இருபது தடவை பயிற்சி செய்யும். "கவனமாகச் செய்" என்று அதட்டுவதாலும் பயனில்லை. அது கவனமாகத்தான் செய்கிறது.

எண்ணுவது வேறு, எண்ணை விளங்குவது வேறு

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டுப் போலச் சொல்லும். அதை வைத்து எண்ணத் தெரியும் என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். ஒரு பொருளுக்கு ஒரு சொல் மட்டும் என்று தொட்டுத் தொட்டு எண்ணுவது அடுத்த படி. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத் தொகை என்று விளங்குவது அதற்கும் அடுத்த படி. ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணிய பிள்ளையிடம் "எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், அந்தப் படிக்கு அது இன்னும் வரவில்லை.

கூட்டலும் இப்படித்தான் வளர்கிறது. ஐந்தும் மூன்றும் எத்தனை என்றால் முதலில் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். பிறகு ஐந்தை மனத்தில் வைத்து ஆறு, ஏழு, எட்டு என்று தொடரும். அதன்பிறகே எட்டு என்று உடனே சொல்லும். இந்தப் பயணத்தில் விரல்கள் பெரிய துணை. விரல் விடும் பிள்ளையின் கையில் அடிப்பது, ஊன்றுகோலோடு நடக்கப் பழகுபவரிடமிருந்து கோலைப் பறிப்பதற்குச் சமம். தேவை முடிந்ததும் பிள்ளை தானாகவே விரலை விட்டுவிடும்.

மிகக் கடினமான படி இடப்பெறுமானம். 500 இல் உள்ள 5 என்பது ஐந்து அல்ல, ஐந்து நூறு. பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. நூற்றைந்தை ௱௫ என்று, சொல்வது போலவே எழுதலாம். இன்றைய முறையில் நடுவே ஒரு பூச்சியம் போட்டு 105 என்று எழுத வேண்டும். பிள்ளை 1005 என்று எழுதினால், "நூறு" என்று கேட்டதற்கு 100 உம் "ஐந்து" என்று கேட்டதற்கு 5 உம் எழுதியிருக்கிறது. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறும், தொள்ளாயிரம் என்ற சொல்லுக்குள் ஆயிரமும் ஒலிப்பது எமது பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம். மனித குலம் பல நூற்றாண்டுகளில் கண்டடைந்த ஓர் எழுத்துமுறையை மூன்றாண்டுகளில் கற்கும்படி கேட்கிறோம். கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார்கள்.

கடன் அல்ல, காசு மாற்றுதல்

கழித்தலில் "பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கு" என்றுதான் பெரும்பாலும் சொல்லிக் கொடுக்கிறோம். வாங்கிய கடனை யார், எப்போது திருப்பிக் கொடுப்பார்கள்? நுண்கடனின் கசப்பை அறிந்த எமது வீடுகளில் பிள்ளைக்கு இந்தச் சொல் விளங்காமல் போவதில் வியப்பில்லை. உண்மையில் அங்கே கடனே இல்லை. காசு மாற்றுதல்தான் நடக்கிறது.

பிள்ளையின் கையில் ஐந்து நூறு ரூபாத் தாள்களைக் கொடுங்கள். 180 ரூபா தரச் சொல்லுங்கள். ஒரு நூறு ரூபாத் தாளைக் கொடுத்துவிடலாம், எண்பதைக் கொடுக்க முடியாது. இன்னொரு நூறை மாற்றிப் பத்துப் பத்து ரூபாய்க் குற்றிகள் எடுக்க வேண்டும். எட்டுக் குற்றிகளைக் கொடுத்தால் கையில் இருப்பது மூன்று நூறும் இரண்டு பத்தும். 320. இதைச் செய்துவிட்டு அதையே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மேலே 5 ஐ வெட்டி 4 என்று போடுவது ஏன் என்று அப்போது தெரியும். காசு இல்லாவிட்டால் ஈர்க்குகள் போதும். பத்தைச் சேர்த்து ஒரு கட்டு, பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெருங்கட்டு.

சந்தையும் வகுப்பறையும்

1985 இல் வெளியான ஓர் ஆய்வு பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீர், பழம் விற்ற பிள்ளைகளைப் பற்றியது. வியாபாரத்தின் நடுவே கேட்கப்பட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 வீதம் வரை சரியாகச் செய்தார்கள். அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 வீதமே சரி. ஆய்வில் இருந்தவர்கள் ஐந்து பிள்ளைகள்தான் என்றாலும், அதன் பிறகு பல நாடுகளில் இந்தக் கேள்வி தொடர்ந்தது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடத்திய பெரிய ஆய்வொன்று 2025 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதில் பங்கெடுத்தார்கள். சந்தைப் பிள்ளைகள் பாடசாலைக் கணக்கில் தடுமாறினார்கள். பாடசாலைக் கணக்கு நன்றாக வந்த பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடாது. இரண்டுக்கும் நடுவே யாராவது பாலம் போட வேண்டும். அந்தத் தாய் 180 இலிருந்து 200, அங்கிருந்து 500 என்று மேலே ஏறிச் சென்றது கழித்தலுக்கான முறையான வழிகளில் ஒன்று. அது கணிதம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இடையில் உடைந்த படிகள்

கணிதம் படிப்படியாக ஏறும் பாடம். வரலாற்றில் ஒரு பாடத்தைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் படிக்கலாம். வகுத்தல் தெரியாமல் பின்னம் விளங்காது, பின்னம் இல்லாமல் வீதம் விளங்காது. வன்னியில் 2008, 2009 இல் இடம்பெயர்ந்து, பதுங்குகுழிகளிலும் பிறகு மெனிக் பாம் தறப்பாள்களின் கீழும் நாட்களைக் கழித்த பிள்ளைகளுக்கு நடந்தது இதுதான். திரும்பி வந்தபோது வயதுக்கேற்ற வகுப்பில் இருத்தினார்கள். உடைந்த படிகள் அப்படியே கிடந்தன. அவர்களில் பலர் "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவோடு வளர்ந்து இன்று பெற்றோராக இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் ஆரம்ப வகுப்புகளைக் கொரோனாவும் 2022 இன் பொருளாதார நெருக்கடியும் குலைத்தன.

இழப்பு பரீட்சையோடு நிற்பதில்லை. பொதுவாக உயர்தரத்துக்குச் செல்லக் கணிதச் சித்தி தேவை என்பது ஒரு பக்கம். மறுபக்கம் இப்படி ஒரு கடனை எடுத்துக்கொள்ளுங்கள்: 50,000 ரூபா, வாரம் 1,300 வீதம் 52 வாரங்கள். திருப்பிக் கட்டுவது 67,600. வட்டி 35 வீதம் போலத் தெரியும். ஆனால் வாராவாரம் முதலும் குறைந்துகொண்டே போவதால், உங்கள் கையில் ஆண்டு முழுவதும் 50,000 இருக்கவில்லை. குறையும் மீதிக்குக் கணித்தால் ஆண்டு வட்டி 60 வீதத்துக்கும் மேல். இதைக் கையொப்பமிட முன்னர் கேட்கத் தெரிவதற்கும் கணக்கு வேண்டும்.

இந்தியாவில் 'பிரதம்' அமைப்பு பின்பற்றும் ஒரு வழி எமக்கும் பொருந்தும். நாளில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு, பிள்ளைகளைத் தரப்படி பிரிக்காமல், எந்தப் படியில் நிற்கிறார்களோ அந்தப்படி குழுவாக்கிக் கற்பிப்பது. ஐந்தாம் தரத்துப் பிள்ளை இடப்பெறுமானத்தில் நின்றால் அங்கிருந்தே தொடங்குவது. புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களோடு ஓடும் வகுப்பறைகளில் இதற்கு நேரம் ஒதுக்குவது இலகுவல்ல. அந்தச் சுமையை ஆசிரியர்களின் தலையில் மட்டும் போடவும் முடியாது. மாலை நேரக் கற்றல் நிலையங்களும் சனசமூக நிலையங்களும் தொடங்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

விடை பிழைத்தால் முதலில் "எப்படிச் செய்தனீங்கள்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்போதே பிழையான விதி வெளியே வரும். சரியான விடைக்கும் இடைக்கிடை இதே கேள்வியைக் கேளுங்கள். இல்லாவிட்டால் கேள்வி வந்தாலே பிழை என்று பயந்துவிடும்.

செய்ய முன்னர் ஒரு மதிப்பீடு கேளுங்கள். ஐந்நூறில் நூற்றியெண்பது போனால் நானூறுக்கு மேல் இருக்குமா, கீழே இருக்குமா?

வாய்பாடு பாடமாக்குவது நல்லது. கூடவே மறந்தால் மீளும் வழியையும் காட்டுங்கள். ஏழெட்டு மறந்தால் ஏழுநாலு 28, அதன் இரு மடங்கு 56.

கணக்குக்குப் பயந்த பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவும்போது பிள்ளை கற்பது குறைகிறது என்றும், பயம் பிள்ளைக்கும் தொற்றுகிறது என்றும் 2015 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே "எனக்கும் வராது" என்பதைப் பிள்ளையின் முன்னால் சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் "ரெண்டு பேருமாப் பாப்பம்" என்று சொல்லுங்கள்.

அன்று சந்தையில் மேசை லாச்சியிலிருந்த காசை எடுத்துச் சிறுவனிடம் கொடுத்து, 180 ஐத் தரச் சொன்னேன். நூறை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கொப்பியில் 480 ஐ அழித்து 320 என்று எழுதினான். அடுத்த கணக்கு 402 இலிருந்து 156. அதில் திரும்பவும் பிழை விட்டான். தாய் கொப்பியைப் பார்த்துவிட்டு, தராசை ஒதுக்கி வைத்து, அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். "எப்பிடிச் செய்தனீ, சொல்லு பாப்பம்" என்றார்.