கறள் – 11: ஜாவா ஒழுங்கையில் ஒரு சேவல்

இந்த வாரம் கார்பரேட்டரைக் கழற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். கழற்றவில்லை. முதற் காரணம் ஒரு சேவல். இரண்டாவது காரணம் ஒரு சாவி. சேவலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரே ஒரு வரி: பீ.எஸ்.ஏ. பான்டம் டீ1, 123 சீசீ, மூன்று கியர்; 2022இல் பெற்றோல் வரிசையில் பின்னால் நின்ற மனிதர் சொல்லித் தெரியவந்து, ஒரு விறகுக் கொட்டிலிலிருந்து இழுத்து வந்தது; இப்போது பாதி விறாந்தையிலும் மீதி குசினியிலும் கிடக்கிறது. மற்றதெல்லாம் பழைய இதழ்களில் இருக்கிறது.

திங்கட்கிழமை இரவு பெற்றோல் தாங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயின்ற் உரிக்கும் மருந்தைப் பூசினால் பத்து நிமிடத்தில் தகரம் வெளியே வந்துவிடும். நான் பூசவில்லை. நானூறாம் நம்பர் வோட்டர் பேப்பர், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு சொட்டு சவர்க்காரம், அவ்வளவுதான். மேலே தூரிகையால் தடிப்பாக அடித்த கறுப்பு. அதன் கீழே நீலம். நீலத்தின் கீழே செங்கல் நிறத்தில் கறள் தடுக்கும் பூச்சு. அதற்கும் கீழே, தண்ணீரோடு மெல்லக் கரைந்து, ஒரு மங்கலான பச்சை. 1948இல் பேர்மிங்ஹாம் தொழிற்சாலையிலிருந்து பான்டம் வெளியே வந்தபோது தலை முதல் கால் வரை பூசியிருந்த பச்சை இதுதான். இந்த வண்டியை என் கைக்கு வருமுன் எத்தனை பேர் வைத்திருந்தார்களோ, குறைந்தது மூன்று பேருக்குப் பச்சை பிடிக்கவில்லை.

பதினொரு மணி இருக்கும். பச்சைக்கு நடுவே மஞ்சளாக ஒரு கீறல் தெரிந்தது. யாரோ பள்ளத்துக்கு அப்பிய பட்டி என்று நினைத்துக்கொண்டு தேய்க்கப் போனேன். கீறல் வளைந்தது. பக்கத்தில் இன்னொன்று, அதுவும் வளைந்தது. வோட்டர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, பழைய பனியன் துண்டில் மண்ணெண்ணெய் நனைத்து, சுட்டுவிரலால் மட்டும் ஒற்றி ஒற்றி எடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு வால் வந்தது. பிறகு தொடை. பிறகு நிலத்தை உதைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கால். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. அந்த இடத்தை முன்பே யாரோ அரத்தால் சுரண்டியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் ஒட்டிய படம், எழுபது வருடமாக மூன்று பூச்சுக்குக் கீழே நின்றிருக்கிறது.

பான்டம் என்றால் குள்ளச் சேவல் என்பது தெரிந்ததுதான். சின்ன வண்டி, ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகும் என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். குத்துச்சண்டையில் 118 இறாத்தல் எடைப் பிரிவுக்கும் இதே பெயர். 1914இல் ஐந்து அடி மூன்று அங்குலத்துக்குக் குறைந்தவர்களைப் பிரித்தானியப் படையில் சேர்க்க மறுத்தபோது, பேர்க்கன்ஹெட் நகரத்தில் அவர்களுக்கென்றே தனிப் படையணி திரட்டினார்கள். அதற்கும் பான்டம் என்றுதான் பெயர். இதுவரைக்கும் எனக்குத் தெரியும். சேவலுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. கையில் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு அகராதியைத் திறந்தேன்.

ஜாவாத் தீவின் வடமேற்கு மூலையில் பந்தென் என்றொரு துறை. இன்றைக்கு இந்தோனேசியாவில் ஒரு மாகாணத்தின் பெயர். அன்றைக்கு மிளகு வாங்க வந்த ஐரோப்பியர் வாயில் அது பான்டம். அங்கிருந்து கப்பலேறிய சின்னக் கோழிகளுக்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. கோழிகள் அங்கேயே பிறந்தவையா, வேறெங்கிருந்தோ வந்து அந்தத் துறையில் விற்கப்பட்டவையா என்பதில் அகராதிக்காரர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பெயர் ஜாவாவினுடையது என்பதில் சண்டையில்லை.

இனித்தான் எனக்குத் தூக்கம் போன இடம். ஒல்லாந்தருடைய கிழக்கிந்தியக் கொம்பனி 1602இல் உண்டானது. அடுத்த வருடமே அது ஜாவாவில் தனது முதல் நிரந்தரப் பண்டசாலையைப் போட்ட ஊர் எது தெரியுமா? அதே பான்டம். 1619இல் கிழக்கே நகர்ந்து பத்தாவியாவைக் கட்டிக்கொண்டு, 1656 மே மாதத்தில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்ததும் அதே கொம்பனி. பேரா ஏரியின் ஓரத்தில் தன் அடிமைகளை அது அடைத்து வைத்த இடத்தை ஆங்கிலேயர் அடிமைத் தீவு என்றார்கள். தமிழரும் சிங்களவரும் அடிமையை விட்டுவிட்டுக் கொம்பனியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கொம்பனித்தெரு. அந்தத் தெருவுக்குள்ளே ஜாவா ஒழுங்கை. அந்த ஒழுங்கைக்குள்ளே என் விறாந்தை. விறாந்தையில் என் மடியில், பான்டம்.

மனைவியை எழுப்பி முழுவதையும் சொன்னேன். "சரி, விளக்கை நூத்துப்போட்டுப் படுங்க" என்றார்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு மலாய் அங்கிளைப் பிடித்தேன். என்ன சொன்னாலும் நின்று கேட்கக்கூடிய ஒரே ஆள். தாங்கியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இந்த வண்டியில பாதி எங்களுக்கு, மகன்" என்றார்.

"நீங்களும் பந்தென்தானா அங்கிள்?"

"சீ, நாங்க மதுரா."

"மதுரையா?"

"மதுரை உங்கட. இது மதுரா. ஜாவாவுக்குப் பக்கத்துத் தீவு."

அவர் சொல்வது சரிதான். கொம்பனி இங்கே கொண்டுவந்த படைவீரர்களும் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தவர்களும் அம்பொன், பண்டா, பாலி, மதுரா என்று பல தீவுகளிலிருந்து வந்தவர்கள். நம்முடைய ஊர் எல்லாரையும் ஒரே பெட்டிக்குள் போட்டு ஜாவா என்றது. சிங்களத்தில் இன்றைக்கும் ஜா மினிஸ்ஸுதான். தமிழ் இந்த வேலையை அதற்கும் எவ்வளவோ முன்பே தொடங்கிவிட்டது. மணிமேகலையில் சாவக நாடு வருகிறது, சாவகச்சேரியின் பெயரையும் சாவகரோடு சேர்த்துச் சொல்லுவார்கள். என் அம்மாவின் ஊர் சாவகச்சேரி. இதை அங்கிளிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப மத்தப் பாதியும் எங்களுக்குத்தான்" என்றார்.

ஒழுங்கையிலிருந்து வெளியேறிக் கொஞ்சத் தூரம் நடந்தால் மலே வீதி, அதற்குப் பக்கத்தில் ரைபிள் வீதி. ஆங்கிலேயர் காலத்தில் மலாய்ச் சிப்பாய்கள் நிறைந்திருந்த இலங்கை ரைபிள் படையணியின் நினைவாக மிஞ்சிய பெயர். 1873இல் படையைக் கலைத்துவிட்டார்கள், வீதி மட்டும் துப்பாக்கியோடு இருக்கிறது. பீ.எஸ்.ஏ.யின் முழுப் பெயரில் உள்ள மூன்று சொற்களும் பேர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள் என்றுதான் அர்த்தம் தரும். 1861இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கூட்டம் அது. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் அதன் சின்னம். போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து டீ.கே.டபிள்யூ. ஆர்டீ125 வண்டியின் வரைபடம் அவர்களுக்கு ஈடாகக் கிடைத்ததையும், அதைக் கண்ணாடியில் பார்த்தது போல் இடம் வலம் மாற்றிப் பான்டம் ஆக்கியதையும் ஐந்தாம் வாரத்தில் சொல்லிவிட்டேன். என் இடது கால் இன்னும் கியரைத் தேடிப்போய் பிரேக்கை மிதிக்கிறது. ஐந்தாம் வாரத்தில் விட்டுப்போனது ஒன்று: அதே வண்டியைப் பார்த்து 1955இல் யமஹா தனது முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. யமஹா ஆர்மோனியமும் பியானோவும் செய்தவர்கள். அவர்கள் சின்னத்தில் இருப்பவை மூன்று சுருதிக் கவைகள். ஒரே என்ஜின், ஓரிடத்தில் மூன்று துப்பாக்கிக்குக் கீழே, இன்னோரிடத்தில் மூன்று சுருதிக் கவைக்குக் கீழே.

ஜாவா ஒழுங்கையில் இருந்துகொண்டு ஏன் ஒரு ஜாவா மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கூடாது என்று தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. அந்த ஜாவா செக் நாட்டு வண்டி, தீவோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யானெச்செக் என்பவர் 1929இல் வாண்டரர் கொம்பனியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, தன் பெயரின் முதலிரண்டு எழுத்தையும் அதன் முதலிரண்டு எழுத்தையும் ஒட்டிக்கொண்டார். அந்த வாண்டரர் 1932இல் போய்ச் சேர்ந்த கூட்டில் டீ.கே.டபிள்யூ.வும் ஒன்று. இதற்குள் நான் இறங்கினால் கார்பரேட்டர் தை மாதத்துக்குப் போய்விடும்.

சாவிக்கு வருகிறேன். கார்பரேட்டரை எடுக்க முதலில் ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும். என்னிடம் உள்ளவை எல்லாம் ஜப்பான் வண்டிச் சாவிகள். பதினொன்று ஏறவில்லை. பன்னிரண்டு ஏறி, நழுவி, போல்ட்டின் மூலையை மழுக்கியது. இனியும் முறுக்கினால் அது வட்டமாகிவிடும் என்று நிறுத்திவிட்டு, புதன்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பிஸ்கட் தகரத்தைத் தரையில் கவிழ்த்தார். அரை மணி நேரம் கிளறியதில் ஒன்று கிடைத்தது. ஒரே வாயில் இரண்டு எண்கள்: 3/16 டபிள்யூ, 1/4 பீ.எஸ்.

ஒரு வாய்க்கு எதற்கு இரண்டு அளவு? இங்கிலீஷ் சாவியில் பொறிப்பது வாயின் அகலத்தை அல்ல, போல்ட்டின் தண்டு எவ்வளவு பருமன் என்பதை. விட்வேர்த் என்பவர் 1841இல் புரிகளுக்கு ஒரு பொது அளவு வகுத்தார், தலை பெருத்த போல்ட்கள் அவை. 1908இல் வந்த நெருக்கமான புரிக்கு அதே தண்டில் ஒரு அளவு சிறிய தலை போதும் என்றார்கள். ஆகவே ஒரு புரியில் கால் அங்குலப் போல்ட்டுக்குப் பொருந்தும் வாய், மற்றப் புரியில் அதைவிடச் சின்னப் போல்ட்டுக்குப் பொருந்தும். இரண்டாம் உலகப் போர் வந்தபோது இரும்பை மிச்சம்பிடிக்க விட்வேர்த் போல்ட்டின் தலையையும் சுருக்கிவிட்டார்கள். சாவியில் மட்டும் பழைய எண் மாறவே இல்லை. அந்த வாயை அளந்து பார்த்தேன்: 11.3 மில்லிமீற்றர். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

சாவியோடு வந்து கழற்றியிருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை பெயின்ற் பாஸ் வந்துவிட்டார். பாஸ் என்ற சொல்லும் கொம்பனி விட்டுப்போனதுதான். கந்தோர், கக்கூஸ், நேற்று எங்கள் வீட்டில் காய்ச்சிய போஞ்சி, எல்லாம் ஒல்லாந்து. பாஸ் தாங்கியை ஒரு பார்வை பார்த்தார்.

"இத முழுக்க உரிச்சு எடுத்து, பட்டி வச்சு, பச்சை அடிச்சுத் தாறன். புதுச் சேவல் ஒட்டுங்க. லண்டன்ல இருந்து எடுக்கலாமாம்."

"இந்தச் சேவல் இருக்கட்டும் பாஸ். அதுக்கு மேல கிளியர் மட்டும் அடிச்சு விடுங்க."

"தலை எங்க?"

"தலை இல்ல."

"தலையில்லாத கோழியோட வண்டி ரோட்டுக்குப் போனா, யார் அடிச்ச பெயின்ற் எண்டு கேக்க மாட்டாங்களா? எனக்குத்தான் வெட்கம்."

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெயின்ற் பாஸுக்கு வழவழப்புத்தான் கையெழுத்து. பள்ளத்தையும் சுரண்டலையும் அப்படியே விட்டு மேலே கண்ணாடி பூசச் சொன்னால், பொய்யெழுத்துப் போடச் சொல்வது போலத்தான் அவருக்கு இருக்கும். தலையை மட்டும் கையால் வரைந்து தரட்டுமா என்று கேட்டார். அங்கிள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வரையிறதெண்டா என்னைப் பார்த்து வரைய வேணாம்" என்றார். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பாஸ் தேநீர் குடித்துவிட்டு, மற்றைய வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மட்கார்ட்களை மட்டும் கொண்டுபோயிருக்கிறார். அவற்றில் கோழி இல்லை.

இதை எழுதும்போது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. ஆறு மணிக்குப் பக்கம் பூட்டுவதாக உதவி ஆசிரியர் இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார். 1869இல் கொழும்பில் அலாமத் லங்காபுரி என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்திய பாபா உனுஸ் சல்தீனைப் பற்றிக் கடைசியில் ஒரு பத்தி வைத்திருந்தேன். ஜாவி எழுத்தில், கல்லச்சில் அடித்த பத்திரிகை, மலாய் மொழியின் முதற் பத்திரிகைகளில் ஒன்று. மோட்டார் சைக்கிளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று உதவி ஆசிரியர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது என்றேன். வெட்டிவிட்டேன் என்றார். இந்த இரண்டு வரி தப்பினால் அது அவருடைய பெருந்தன்மை.

தாங்கி இப்போது பழைய படுக்கை விரிப்பில் சுற்றி அலுமாரிக்கு மேலே இருக்கிறது, வெறும் தகரம் தெரிகிற இடங்களில் தேங்காயெண்ணெய் பூசியிருக்கிறேன், பேரா ஏரிக் காற்றுக்கு ஒரே இரவில் கறள் பிடித்துவிடும். கார்பரேட்டர் என்ஜினோடு அப்படியே இருக்கிறது. போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் கார்பரேட்டர்.

(தொடரும்)