புதிய கடல்நீர்த் தொட்டியில் படியும் பழுப்பு

தில்லி மாநகரிலிருந்து கடற்கரையை அடையப் பல நூறு கிலோமீட்டர் செல்ல வேண்டும். எனினும், கடல்மீன்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் இங்குள்ளோரையும் விட்டபாடில்லை. பம்பாயின் மெரீன் டிரைவ் சாலையில் 1951-இல் திறக்கப்பட்ட தாராபூர்வாலா மீன்காட்சிச் சாலைக்கு எதிரிலேயே கடல் இருந்தது. நமக்கோ, கடையில் பொட்டலமாக விற்கும் உப்பைத் தூய நீரில் கரைத்து, ஆயிரம் பங்கிற்கு 35 பங்கு உப்பு என்னும் அளவில் கடலை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டிய நிலை.

இவ்வாறு ஆக்கிய கடல் முதல் இரண்டு வாரம் பளிங்குபோல் இருக்கும். அதன்பின் ஒரு நாள் காலையில் பார்த்தால், காப்பிப் பொடியைச் சலித்துத் தூவியதுபோல் வெண்மணல்மீது ஒரு பழுப்பு நிறம் படர்ந்திருக்கும். நான்கு நாளில் பாறை, கண்ணாடி, குழாய் எங்கும் அது பரவிவிடும். தொட்டி பாழாயிற்று என்றே புதிதாகத் தொடங்குவோர் எண்ணுவர். அது பிழையான எண்ணம். அவ்வெண்ணத்தினால் நாம் செய்த தவறு என்ன என்பதைப் பின்னர் கூறுவோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இதனைப் பலரும் 'பழுப்புப் பாசி' என்றே வழங்குகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் சற்று உறுத்துகிறது. தாவர நூலார் பழுப்புப் பாசி என்று குறிப்பது வேறு இனத்தை. மன்னார் வளைகுடாவில் பாறைகளைப் பற்றி வளரும் சர்காசம் போன்ற பெரிய கடற்பாசிகளை. தொட்டியில் படிவது பெரும்பாலும் டயாட்டம் எனப்படும் நுண்ணுயிர். ஒரே உயிரணுவால் ஆன இதனைக் கண்ணால் தனித்துக் காண இயலாது. கோடிக்கணக்கில் கூடும்போதே பழுப்பாகத் தெரிகிறது. பச்சையத்தோடு ஃபியூகோசாந்தின் என்னும் நிறமியும் இருப்பதனால் இந்நிறம் அமைகிறது.

டயாட்டத்தின் தனிச் சிறப்பு அதன் ஓடு. குங்குமச் சிமிழும் அதன் மூடியும்போல் இரு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும். அச்சிமிழ் கண்ணாடிக்கு உறவான சிலிக்காவால் ஆனது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது, ஒவ்வொன்றும் பழைய ஓட்டின் ஒரு பாதியை மூடியாக எடுத்துக்கொண்டு, அடிப்பகுதியைப் புதிதாகச் செய்துகொள்கிறது. ஆகவே சிலிக்கா கிடைக்கும்வரைதான் இது பெருக முடியும். இவ்வளவு சிறிய உயிரைத் தாழ்வாக எண்ண வேண்டாம். உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்களால் நிகழ்கிறது. இறந்த டயாட்டங்களின் ஓடுகள் படிந்து உண்டான மண்ணிலேதான் ஆல்பிரெட் நோபெல் நைட்ரோகிளிசரினை ஊறவைத்து, 1867-இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

இது புதிய தொட்டியில் மட்டும் ஏன் இவ்வளவு பெருகுகிறது? காரணம் இரண்டு. ஒன்று, இடம் காலியாக இருக்கிறது. பாறையிலும் மணலிலும் வேறு உயிர்கள் இன்னும் குடியேறவில்லை. முதலில் வந்தவருக்கே இடம் என்ற நிலை. மற்றொன்று, உணவு மிகுந்திருக்கிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா தோன்றுகிறது. ஒருவகை பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். டயாட்டம் தோன்றுவதும் அக்காலத்திலேயே. குழாய் நீரில் கரைந்து வரும் சிலிக்காவும் உடன் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

இனி நம் தவறு. நம் குடியிருப்பில் 120 லிட்டர் தொட்டி ஒன்று அமைத்தோம். நீர் தெளிந்திருக்கிறது, இனி மீன் விடலாம் என்று கடைக்காரர் கூற, பத்தாம் நாளே கோமாளி மீன் இரண்டு வாங்கி விட்டோம். பதினெட்டாம் நாள் பழுப்பு தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உழைத்தோம். பாறைகளைக் குழாயடியில் வைத்துத் தூரிகையால் தேய்த்தோம். மணலை வாளியில் அலசினோம். வடிகட்டியின் பஞ்சையும் குழாய் நீரிலே பிழிந்தோம். மாலையில் தொட்டி புதுமெருகு பெற்று விளங்கியது. செவ்வாயன்று மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. புதன் இரவு ஒன்று இறந்தது. பள்ளி செல்லும் நம் மகள் அதற்குப் பெயரும் இட்டிருந்தாள்.

நாம் கழுவி விட்டது பழுப்பை மட்டுமன்று. பாறையிலும் பஞ்சிலும் அப்போதுதான் குடியேறத் தொடங்கியிருந்த பாக்டீரியாவைக் குழாய் நீரின் குளோரினால் கொன்றுவிட்டோம். அம்மோனியா தங்கிவிட்டது. கடல்நீர் காரத்தன்மை உடையதாதலால், நன்னீரைவிட இதில் அம்மோனியாவின் நச்சு கூடுதல். அடுத்தடுத்து இரண்டு நாள் பாதி நீரை மாற்றி மற்ற மீனைக் காப்பாற்றினோம். பழுப்போ, மறுவாரமே திரும்பி வந்தது! டயாட்டத்தினால் அந்த மீனுக்கு ஒரு தீங்கும் நேர்ந்திராது என்பதைப் பிறகே அறிந்தோம்.

ஆகவே, செய்ய வேண்டுவது மிகுதியன்று. நீரைக் கவனிக்க வேண்டும். எதிர்ச் சவ்வூடு முறையில் வடித்த நீரை அயனி நீக்கும் பிசின் வழியாகவும் செலுத்திப் பயன்படுத்துவது நலம். இல்லங்களில் குடிநீருக்காக வைத்துள்ள ஆர்.ஓ. இயந்திரம் போதும் என்று பலர் கருதுகின்றனர். அவற்றில் பல, சுவைக்காக வடிக்காத நீரில் ஒரு பகுதியை மீண்டும் கலந்துவிடுகின்றன. தாதுப்பொருள் சேர்ப்பனவும் உண்டு. அந்நீர் நாவுக்கு நன்று, தொட்டிக்கு ஆகாது. பிசின் தேய்ந்தவுடன் முதலில் நழுவி வருவதும் சிலிக்காவே. அப்போதும் நீரிலுள்ள உப்பை அளக்கும் கருவி சுழியையே காட்டக்கூடும். ஆகவே கருவியை மட்டும் நம்பாமல் பிசினை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு குறைவதில்லை. எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூயநீரையே ஊற்ற வேண்டும். அங்கே குழாய் நீரை ஊற்றினால் நாள்தோறும் சிறிது சிலிக்கா சேர்ந்துகொண்டே போகும். மணலைக் குற்றம் சொல்வோரும் உளர். குவார்ட்ஸ் மணல் மிக மெல்லக் கரைவதாகையால், நாம் நீரின்மேலேயே ஐயம் கொள்வோம்.

விளக்கை ஆறு அல்லது ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிய விட வேண்டுவதில்லை. கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொள்ளலாம். நீர் மாற்றும்போது மணலின் மேற்பரப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். பஞ்சை அலச நேர்ந்தால், மாற்றி எடுத்த கடல்நீரிலேயே அலச வேண்டும். பாசிக்கொல்லி மருந்தை நாட வேண்டாம். செம்பு கலந்த மருந்து நத்தைகளையும் பவளங்களையும் கொன்றுவிடும். சில வாரங்களில் சிலிக்கா தீர்ந்து பழுப்பு தானே மங்கும்.

மங்காவிடில் அது டயாட்டந்தானா என்று பார்க்க வேண்டும். டயாட்டம் தூசிபோல் விரலில் ஒட்டும். செந்நீல நிறத்தில் வழுவழுப்பாகப் படலமாய் உரிந்து வருவது நீலப்பச்சைப் பாசி. சளிபோல் இழையாகத் தொங்கி, இழைகளில் குமிழிகள் தங்கி, இரவில் குறைந்து பகலில் மீண்டும் அடர்வது பெரும்பாலும் டைனோபிளாஜெல்லேட் ஆகும். இதில் சில வகை நத்தைகளுக்கு நஞ்சு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத நீரில் இது ஓங்குவதுண்டு. ஆதலால் எல்லாவற்றையும் சுழியாக்கிவிட முயல்வதும் அறிவுடைமையன்று.

உயிருள்ள பவளப்பாறையை இட்டால் தொட்டி விரைவில் பக்குவப்படும் என்று சொல்லி விற்போர் உண்டு. நம் கடல்களின் பாறை ஆக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைச் சேகரிப்பதும் விற்பதும் குற்றம். உலர்ந்த செயற்கைப் பாறையை வைத்துப் பொறுத்திருப்பதே வழி.

நத்தைகளைப் பற்றியும் கூற வேண்டும். டிரோகஸ், செரித் போன்றவை டயாட்டத்தை ஆவலுடன் மேயும். ஆனால் 120 லிட்டர் தொட்டிக்கு நான்கைந்து போதும். பழுப்பைக் கண்டு அஞ்சி இருபது வாங்கியவர் வீட்டில், பழுப்பு நீங்கிய மாதத்திலேயே அவை பட்டினியால் ஒவ்வொன்றாக இறப்பதைப் பார்த்திருக்கிறோம். நம் வீட்டு நத்தைகள் ஐந்து. கண்ணாடி தெளிந்தபின், உலர்ந்த கடற்பாசித் தாளில் விரல் அகலத் துண்டு ஒன்றைக் கல்லில் கட்டி, வாரம் இருமுறை உள்ளே இறக்குகிறோம். அந்த வேலை இப்போது மகளுடையது.