தானமாக வந்த நாற்காலி

ஊனமுற்ற ஏழைகளுக்கென்று அந்நிய தேசத்தார் சக்கர நாற்காலிகளைத் தானமாக அனுப்புகின்றனர். தானம் கூடாதென்பதன்று நமது கட்சி. ஆயின் ஆஸ்பத்திரித் தளத்துக்கென்றே செய்த நாற்காலியின் சிறிய முன்சக்கரம் கிராமத்துக் குழியில் சிக்கி, அமர்ந்திருப்பவரைக் குப்புறத் தள்ளிவிடும். ஓர் உறுப்பு ஒடிந்தாலோ, மாற்று உறுப்பு கடல் கடந்து வரவேண்டும்.

1966-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் செயலற்றுப்போன அமெரிக்க எஞ்சினீயர் மிஸ்டர் ரால்ஃப் ஹாட்ச்கிஸ், 1980-ல் நிகராகுவா சென்றார். அங்கே நான்கு வாலிபர்கள் ஒரே நாற்காலியைப் பங்கிட்டு, தாமே செப்பனிட்டு ஓட்டிவரக் கண்டார். அவர்களிடம் பாடங்கேட்டே, எஃகுக் குழாயும் சைக்கிள் சக்கரமும் கொண்டு, உள்ளூர்ப் பட்டறையில் செய்யவும் பழுதுபார்க்கவும் கூடிய நாற்காலியை வகுக்கலானார். பேட்டண்டு வாங்கி அதைப் பூட்டி வைத்தாரில்லை. பிற தேசத்துத் தொழிலாளரும் அதைத் திருத்தினர். அவர்களிற் பலர் தாமே சக்கர நாற்காலியில் வாழ்பவர். மணலில் புதையாத அகன்ற ரப்பர் முன்சக்கரம் ஜிம்பாப்வேயில் பிறந்தது.