பறவையா, பாத்திரமா?

1926 அக்டோபரில் ‘பாரிஸ்’ என்ற கப்பல் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்த பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த சுங்க அதிகாரிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே இருந்தவற்றில் ஒன்று, பளபளவென்று மெருகிட்ட வெண்கல உருவம். ஏறத்தாழ நாலரை அடி உயரம். அடியில் ஒடுங்கி, நடுவில் சற்றே பருத்து, உச்சியில் கூர்ந்து முடிந்தது. அலகு இல்லை, இறக்கை இல்லை, கால் இல்லை. பெயர் மட்டும் பறவை!

கலைப் படைப்பு என்றால் அமெரிக்காவில் இறக்குமதி வரி கிடையாது. இது கலையே அல்ல என்று முடிவுகட்டிய அதிகாரிகள், சமையலறைச் சாமான்களையும் மருத்துவமனைக் கருவிகளையும் சேர்க்கும் இனத்தில் இதையும் சேர்த்து 40 சதவீத வரி விதித்தார்கள்.

இந்தச் சிலையைச் செய்தவர் கான்ஸ்டன்டின் பிராங்குசி. 1876-ல் ருமேனியாவின் ஒரு சிற்றூரில் பிறந்து, பாரிஸில் குடியேறிய சிற்பி. சிலையை விலைக்கு வாங்கியிருந்தவர் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன். வரியை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அமெரிக்கச் செல்வச் சீமாட்டி கெர்ட்ரூட் விட்னி செலவை ஏற்றுக்கொண்டார். 1927-ல் விசாரணை தொடங்கியது.

சுங்கத்துறையின் பக்கம் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிற்பம் என்றால் இயற்கையில் உள்ளதை அதன் உண்மையான அளவு விகிதத்தில் காட்ட வேண்டும் என்று 1916-ல் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பிராங்குசியின் பறவை தேறவே தேறாது.

நீதிபதிகள் கேட்ட கேள்விகள் இன்றைக்கும் நம் மனத்தில் எழக்கூடியவைதான். “இது பறவை மாதிரி இருக்கிறதா?” என்று ஸ்டைக்கனைக் கேட்டார்கள். மாதிரி இல்லை, ஆனால் பறவை என்றே உணர்கிறேன் என்றார் அவர். காட்டில் பார்த்தால் இதைச் சுடுவீர்களா என்று அடுத்த கேள்வி. மாட்டேன் என்றார். சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் பண்டைய எகிப்தின் கல் பருந்து ஒன்றைக் கையோடு கொண்டுவந்து காட்டினார். அதிலும் சிறகோ காலோ தெளிவாக இல்லை. ஆனாலும் அது பருந்துதான் என்று யாருக்கும் தெரியும். கைதேர்ந்த ஒரு மெக்கானிக்கால் இதைச் செய்ய முடியாதா என்று அரசுத் தரப்பு மடக்கியது. மெக்கானிக்கால் மெருகிட முடியும், இப்படி ஒன்றைக் கற்பனை செய்ய முடியாது என்றார் எப்ஸ்டைன். வழக்கின் உயிர்நாடி அந்தப் பதிலில் இருக்கிறது.

சிலையின் முன்னால் நிற்பவருக்கு என்ன நேர்கிறது? கண் முதலில் மெல்லிய அடிப்பகுதியைப் பற்றுகிறது. அங்கே பார்வையைப் பிடித்து நிறுத்த முகமோ இறகின் கீறலோ எதுவும் இல்லை. அதனால் பார்வை வழவழப்பான வளைவோடு சறுக்கி மேலேறி, உச்சியில் சாய்வாக வெட்டிய முனைக்குப் போய்ச் சேருகிறது. கண்ணாடிபோல் மின்னும் வெண்கலத்தில் அறையின் வெளிச்சமெல்லாம் விழுகிறது. பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் அந்த ஒளியும் நகர்கிறது. அசையாத உலோகம் எழும்பிப் போவதாக நமக்குத் தோன்றுவது இப்படித்தான். 1910 வாக்கில் பிராங்குசி செய்த ‘மையாஸ்த்ரா’ என்ற நாட்டுப்புறக் கதைப் பறவைக்குக் கழுத்தும் அலகும் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கழித்துக் கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது பறத்தல் மட்டும்.

அதே சிலையைப் பார்த்த ராபர்ட் எய்ட்கன் என்ற சிற்பி, இது கலையே அல்ல என்று அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். அவரும் தொழில் தெரிந்தவர்தான். ஒருவருக்குச் சிலிர்ப்பதும் இன்னொருவருக்குச் சும்மா இருப்பதும் கலையில் இயல்பு. யாருக்கு என்ன உணர்வு வரவேண்டும் என்று எந்த நீதிமன்றமும் ஆணையிட முடியாது. அதனால்தான் நீதிபதி வெயிட், உறுதியாகச் சொல்லக்கூடியவற்றைப் பிடித்துக்கொண்டார்: செய்தவர் முறையான சிற்பி, இது அவருடைய சொந்தப் படைப்பு, வேறு எந்தப் பயன்பாடும் இதற்கு இல்லை, பறவையோடு இணைத்துப் பார்ப்பது கடினமாக இருந்தாலும் பார்க்க அழகாக இருக்கிறது. இயற்கையை நகலெடுக்காமல் கருத்தைக் காட்ட முயலும் புதிய கலை ஒன்று வளர்ந்துவிட்டதையும், அது நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்பதையும் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. 1928 நவம்பர் 26 அன்று பிராங்குசி தரப்பு வென்றது.

இந்தப் பறவைக்கு இந்தியாவோடும் உறவு உண்டு. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் இதே வரிசையில் மூன்று சிலைகளை வாங்கி, அவற்றுக்காகத் தியான மண்டபம் ஒன்றைக் கட்டித்தரும்படி பிராங்குசியைக் கேட்டார். அதற்காகச் சிற்பி இந்தூருக்கே வந்தார். மண்டபம் எழவில்லை. மகாராஜாவின் இரண்டு பளிங்குப் பறவைகளை இன்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தேசியக் கலைக்கூடத்தில் பார்க்கலாம். வழக்காடி வென்ற வெண்கலப் பறவை அமெரிக்காவின் சியாட்டில் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.