சராசரி வெப்பநிலையை எப்படி வாசிப்பது?

ஒன்பதாம் வகுப்பில் காலநிலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மே மாதச் சராசரி வெப்பநிலை சென்னையில் 33 டிகிரி செல்சியஸ், தில்லியிலும் 33 என்று கரும்பலகையில் எழுதி, "இரண்டு ஊரிலும் ஒரே வெயில்தான்" என்றேன். அப்பாவின் ராணுவப் பணி காரணமாகச் சில ஆண்டுகள் தில்லியில் இருந்துவிட்டு வந்த மாணவி எழுந்தாள்.

"இல்லை டீச்சர். அங்கே மதியம் முகத்துல அனல் அடிக்கும். ஆனா விடியக்காலையில கொஞ்சம் இதமா இருக்கும். இங்கே ராத்திரியும் வேர்க்குது."

"தேர்வில் எண்ணைத்தான் எழுத வேண்டும்" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். அன்று மாலை அந்த எண்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான், அவள் சொன்னதே சரி என்று புரிந்தது.

ஒரு நாளின் சராசரி என்பது பொதுவாக அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுத்துப் பெறுவது. தில்லியில் மே மாத அதிகபட்சம் சராசரியாக 40ஐ ஒட்டியும், குறைந்தபட்சம் 26ஐ ஒட்டியும் இருக்கும். சென்னையில் அவை ஏறத்தாழ 38, 28. இரண்டுக்கும் விடை 33. ஆனால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு தில்லியில் 14 டிகிரி, சென்னையில் 10 டிகிரி.

காரணம் கடல். நிலத்தைவிட நீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்கிறது. பிற்பகலில் வீசும் கடற்காற்று சென்னையின் பகல் வெப்பத்தைத் தணிக்கிறது. ஈரப்பதம் மிகுந்த காற்று, இரவில் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கிறது. வியர்வை ஆவியாவதையும் அதே ஈரப்பதம் தடுப்பதால் புழுக்கம் கூடுகிறது. சாதாரண வெப்பமானி இந்தப் புழுக்கத்தைக் காட்டாது.

அடுத்து, கோடை என்பது எந்த மாதங்கள்? இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச் முதல் மே வரை எடுத்துக்கொள்கிறது. இந்த மூன்று மாதச் சராசரி தில்லியில் 28ஐ ஒட்டியிருக்க, சென்னையில் 30ஐத் தாண்டுகிறது. மார்ச் மாதத்தில் தில்லியின் இரவுகள் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதே இதற்குக் காரணம். ஆக, பருவச் சராசரியில் சென்னை முந்துகிறது. மே மாத மதிய வெப்பத்தில் தில்லி முந்துகிறது. "எந்த ஊர் அதிக வெப்பம்?" என்று மட்டும் கேட்டால் இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் தர வேண்டியிருக்கும்.

ஒரு நாள் வெப்பத்தையும் காலநிலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அது அன்றைய வானிலை. காலநிலைச் சராசரிக்கு 30 ஆண்டுப் பதிவுகள் வேண்டும்.

வெப்ப அலையைக் கணிக்கும்போதும் எல்லா ஊருக்கும் ஒரே எண்ணைக் கொள்வதில்லை. அதிகபட்ச வெப்பநிலை சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 டிகிரியையாவது எட்டியிருக்க வேண்டும். அந்த இடத்தின் இயல்பைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதும் பார்க்கப்படுகிறது.

வகுப்பில் இதை எளிதாகச் செய்துபார்க்கலாம். நாளிதழில் வரும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளை, நம் ஊருக்கும் வேறோர் ஊருக்கும் ஒரு வாரம் குறிக்கச் சொல்லுங்கள். சராசரியையும் வேறுபாட்டையும் மாணவர்களே கணக்கிடட்டும். பிறகு நான்கு கேள்விகள்: எந்த மாதங்கள்? பகலா, இரவா? ஈரப்பதம் எவ்வளவு? எத்தனை ஆண்டுப் பதிவு?

மறுநாள் வகுப்பில் என் தவற்றைச் சொல்லி, அந்த மாணவியையே தில்லியின் ஒரு நாளை விவரிக்கச் சொன்னேன். அடுத்த தேர்வில் கேள்வியையும் மாற்றினேன்: "இரு ஊர்களின் சராசரி வெப்பநிலை ஒன்றே. ஆயினும் வெயில் வேறுபடுவது ஏன்?"